இலியானாவின் ஹீட்டர்

ஓடுகிறோம். பின்கதவு. ஈரப் புல். வேலி. நாதன் முதலில் ஏறுகிறார். கை நீட்டுகிறார். என் தோளில் பை. பைக்குள் பாஸ்போர்ட்டுகள், தாலிக்கொடி, பிறப்புச் சான்றிதழ்கள்.

படார். பிறகு ஒரு சீழ்க்கை, மேலே மேலே போகிறது. பிறகு படபடவென்று, நிற்காமல்.

"பாயும்! பின்னாலை பாக்காதையும், பாயும்!"

பாய்ந்தேன். சேலை கம்பியில் கிழிந்தது. அடுத்த வளவில் ஒரு எலுமிச்சை மரம். அதன் கீழே முகம் மண்ணில் படக் கிடக்கிறோம். வானம் பச்சையாகிறது. பிறகு சிவப்பு. எங்கோ ஒரு பிள்ளை கை தட்டிச் சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் விளங்கியது. இது ஆக்லாந்து. த்ரீ கிங்ஸ். 1986, நவம்பர் 5. இந்த நாட்டில் அன்று மாலை வீடு வீடாகப் பட்டாசு கொளுத்துவார்களாம். ஆறு மாதமாக இங்கே இருக்கிறோம். ஒருவரும் சொல்லவில்லை. நானும் என் கணவர் நாதனும் மண்ணைத் தட்டிக்கொண்டு முன்பக்கத்தால் சுற்றி வீட்டுக்கு வந்தோம். வெட்கமாக இருந்தது.

ஒரே கூரையின் கீழ் செங்கல்லால் கட்டிய மூன்று யூனிட்டுகள். நடுவில் நாங்கள். இடப்பக்கம் சிரியாவிலிருந்து வந்த ஹசனும் சல்மாவும். வலப்பக்கம் ருமேனியாவிலிருந்து வந்த விக்டரும் இலியானாவும். த்ரீ கிங்ஸ் என்று ஊருக்குப் பெயர். ராஜாக்கள் யாரையும் நான் கண்டதில்லை. எங்கள் மூன்று வீட்டையும்தான் கண்டேன்.

அன்று மூன்று வீடும் மூன்று விதமாகப் பயந்திருக்கின்றன. பிறகு கதைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாங்கள் ஓடினோம். 1983 ஜூலைக் கலவரம், வெள்ளவத்தை. எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர்களுக்கு எந்த வீடு தமிழ் வீடு என்று தெரிந்திருந்தது. வீட்டுக்குள் நின்றவர்கள் எரிந்தார்கள். பின்மதில் பாய்ந்தவர்கள் இருக்கிறோம். நாதனின் தம்பி ரவி கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஹசனும் சல்மாவும் ஓடவில்லை. அவர்களுடைய ஊர் ஹமா. 1982 பிப்ரவரியில் சொந்த நாட்டு இராணுவம் அந்த ஊரைச் சுற்றி நின்று ஷெல் அடித்தது. அங்கே தெருவில் இறங்கியவர்கள் செத்தார்கள். அதனால் பட்டாசுச் சத்தம் கேட்டதும் இருவரும் குளியல் தொட்டிக்குள் இறங்கி, மெத்தையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டார்கள். தொட்டிக்குள் மூன்று தலையணை. மூன்றாவது ஹசனின் தம்பி யூசுப்புக்கு. அவன் இன்னும் சிரியாவில்தான், வீடு மாறி வீடு மாறி ஒளிந்திருந்தான். ஆனால் சல்மா எப்போதும் அவனுக்கும் ஒன்று வைப்பாள்.

விக்டரும் இலியானாவும் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. விளக்கை அணைத்தார்கள். ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று, தெருவில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் நாட்டில் ஷெல் விழுவதில்லை. கதவு தட்டப்படும். விக்டர் கப்பல் இன்ஜினியர். ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. பிறகு இலியானா சுற்றுலா என்று சொல்லி வெளியே வந்தாள். நான்கு வயது மகள் இரினாவை அவளோடு அனுப்ப அரசாங்கம் மறுத்துவிட்டது. பிணையாக வைத்துக்கொண்டது போல. பிள்ளை இலியானாவின் அக்காவிடம் இருந்தது.

1987 ஜூலை. மழை. அறைக்குள் வாயால் விட்ட மூச்சு புகையாகத் தெரிகிற குளிர்.

பக்கத்துத் தேவாலயத்தில் அகதிகளுக்கு உதவுகிற ஒரு குழு. அதை நடத்தியவர் மிஸஸ் பார்க்கர். நல்ல மனுஷி, இன்றும் அப்படித்தான் சொல்வேன். அவர் சொன்னார்: வெளியே இருக்கிற ஒருவரை அழைக்கக் குழு பொறுப்பேற்கும். ஒரே ஒருவரை. ருமேனியர், சிரியர் இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறார்கள். யாருடைய வாழ்க்கை மோசமாக இருக்கிறதோ அவர்களுக்கு. வீட்டுக்கு வந்து பார்த்து முடிவு செய்வோம்.

இரினாவா, யூசுப்பா. இதுதான் கேள்வி. அதை வீட்டு நிலைமையைப் பார்த்துத் தீர்க்கப் போகிறார்கள்.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்கலாம். இரண்டு பக்கச் சுவர்களும் என்னுடையவை. விக்டருக்குப் பட்டறையில் நல்ல வேலை. இலியானா தையல் தொழிற்சாலையில். கார் இருந்தது. டிவி இருந்தது. புது ஹீட்டர் இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு ஈ காக்கை வராது. ஒருநாள் கடைத்தெருவில், பின்னால் யாரோ ருமேனிய மொழியில் கதைப்பது கேட்டது. இலியானா சாமான் நிறைந்த வண்டிலை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். "எங்கள் ஆட்களில் யார் யாருக்கு வேலை செய்கிறார் என்று தெரியாது" என்றாள்.

ஹசன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். இங்கே ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புத் துவைக்கிறார். சல்மாவுக்கு வேலை இல்லை. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ஹீட்டர் இல்லை. குளிருக்கு ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு சமைப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நகரத்தில் இருக்கிற சிரியர் அத்தனை பேரும் அங்கேதான். சப்பாத்துகள் எங்கள் வாசல் வரை நிற்கும். அந்தக் கதவு பூட்டியதை நான் கண்டதில்லை.

எங்கள் ஆட்களைச் சொல்லவே வேண்டாம். ஒரு மினிபஸ் நிறைகிற அளவு தமிழர் அப்போது. அதற்குள் சங்கம் இரண்டு.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் இலியானா வந்தாள். போர்வைக்குள் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு. ஹீட்டர். திரும்பிப் போனாள். டிவி. திரும்பிப் போனாள். எண்ணெய்ப் போத்தல்கள், சீனி, கோப்பி.

"இன்றைக்கு மட்டும்" என்றாள்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவள் யாரையும் ஏமாற்றவில்லை, இதைத் தெளிவாகச் சொல்கிறேன். அவள் நாட்டில் அலுமாரியில் எண்ணெய் கூடுதலாக இருந்தால் குற்றம். மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் வீடு வெறுமையாக இருக்க வேண்டும். அவளுடைய கை அப்படிப் பழகியிருந்தது.

சிறிது நேரத்தில் சல்மா வந்தாள். நான்கு கதிரை வேண்டும். தட்டம் வேண்டும். நல்ல கோப்பைகள் வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டாள். எனக்கு அது புதிதா? எங்கள் வீடுகளிலும் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அடுத்த வீட்டுக் கதிரைகள் தாமாக நடந்து வந்துவிடும். வந்தவர்கள் நம் குறையைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

கதிரையைத் தூக்கும்போது அவள் கண் ஹீட்டரில் விழுந்தது. கேட்கவில்லை. பார்த்தாள்.

"கொண்டு போங்கள்" என்றேன். "பின்னேரம் தந்தால் போதும்."

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். கதிரை, தட்டம், கோப்பை, என் கூறைச் சேலையை மேசை விரிப்பாக, பிறகு இலியானாவின் ஹீட்டர்.

மிஸஸ் பார்க்கரும் இன்னொரு பெண்ணும் முதலில் விக்டர் வீட்டுக்குப் போனார்கள். இலியானா கோட்டோடு உட்கார்ந்திருந்தாளாம். சீனி இல்லாத தேநீர் கொடுத்தாளாம். வெளியே வரும்போது மிஸஸ் பார்க்கரின் கண் சிவந்திருந்தது.

பிறகு சல்மா வீடு. நானும் அங்கே, கோப்பி ஊற்றிக்கொண்டு. ஆட்டிறைச்சி, சோறு, பாதாம் வைத்த பலகாரம். ஒரு கிழமைச் சமையல் முழுவதும் அந்த மேசையில். ஹசன் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். "ஏதும் தேவையா?" என்று கேட்டார்கள். "ஒன்றும் இல்லை. கடவுள் தந்திருக்கிறார்" என்றார்.

மிஸஸ் பார்க்கர் கோட்டைக் கழற்றினார். ஹீட்டருக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினார்.

"என்ன இதமான வீடு" என்றார்.

என்ன நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. என் கையில் கோப்பிக் கெண்டி. ஹசன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், எல்லாம் நன்றாக நடக்கிறது என்று.

அடுத்த கிழமை மிஸஸ் பார்க்கர் நேரில் வந்து சொன்னார். இரினா. இலியானாவின் அழுகை சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. சல்மா பலகாரம் செய்து அவளுக்குக் கொடுத்தனுப்பினாள்.

நான் நாதனிடம் சொன்னேன். "இது பிழையப்பா. நான் போய் உள்ளதைச் சொல்லப் போறன்."

"சொன்னா அந்தப் பிள்ளையின்ரை கதி என்ன?"

"யூசுப்பின்ரை கதி என்ன?"

அவர் ரவியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஹசனிடம் போனேன். யாருடைய ஹீட்டர், ஏன் என் வீட்டில் இருந்தது, எல்லாம் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். சலவைக்காரத்தில் வெந்து தோல் உரிந்த கைகள்.

"வந்த விருந்தாளிக்கு வெறும் வீட்டையா காட்டுவது, சகோதரி?" என்றார். பிறகு, "அது குழந்தை. யூசுப் வளர்ந்தவன். ஒளியத் தெரிந்தவன். அடுத்த முறை அவன் வரட்டும்."

நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. தேவாலயத்துக்கும் போனேன். சொன்னேன். மிஸஸ் பார்க்கர் வெளிறிப் போனார். கடிதங்கள் போய்விட்டன, அந்தப் பிள்ளையிடம் சொல்லியாகிவிட்டது என்றார். அடுத்த முறை கட்டாயம் யூசுப் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அடுத்த முறை. எல்லோரும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள்.

மூன்று வீட்டுக்கும் ஒரு டெலிபோன், அது எங்களுடையது. விக்டர் டெலிபோனை நம்ப மாட்டார். ஹசனுக்கு வசதி இல்லை. யூசுப் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சிரியாவின் அலெப்போ நகரத்தில் ஒரு கடையிலிருந்து எங்களை அழைப்பான். இரண்டிரண்டாக மணி அடிக்கும். எடுத்தால் முதலில் ஒரு இரைச்சல். பிறகு என் குரலே எனக்குத் திரும்பி வரும். பிறகு "ஹலோ, சிஸ்டர்." அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். நான் அகப்பையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். ஹசன் வெறுங்காலோடு ஓடி வருவார்.

1988 பிப்ரவரி. முதல் வெள்ளி. மணி இரண்டிரண்டாக அடித்தது. எடுத்தேன். இரைச்சல். என் குரல். பிறகு ஒரு ஆண் குரல்.

யூசுப் இல்லை. நல்ல ஆங்கிலம். மரியாதையான குரல்.

"வணக்கம், மேடம். நான் யாருடன் பேசுகிறேன்? உங்கள் முகவரியைச் சொல்ல முடியுமா?"

அகப்பை என் கையில். சுவர் பக்கத்தில். நான் தட்டவில்லை. மறுமுனையில் யாரோ தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் தள்ளி, ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"தவறான இலக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யூசுப்பைத் தேடுகிறவர்களிடம் எங்கள் இலக்கம் போயிருந்தது.

நானே நடந்து போய்ச் சொன்னேன். ஹசன் நின்றபடி கேட்டார். அடுப்பை அணைத்தார். "முகவரி கேட்டார்களா?" என்றார். ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

மார்ச், முதல் வெள்ளி. ஹசன் எங்கள் வீட்டில், டெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில். மணி அடிக்கவில்லை. ஏப்ரல். இல்லை. மே. இல்லை. பிறகும் வந்து உட்கார்ந்தார். நான் தேநீர் வைப்பேன். ஆறும்.

செப்டம்பரில் இரினா வந்தாள். விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம், ஹசனும் சல்மாவும் கூட. மெலிந்த பிள்ளை. எட்டு வயது. இலியானா தரையில் மண்டியிட்டுக் கை நீட்டினாள். பிள்ளை ஒரு அடி பின்னால் வைத்து, மரியாதையாக ஏதோ சொன்னது. விக்டர் எனக்கு மொழிபெயர்த்தார்: "வணக்கம், அம்மையாரே."

1988, நவம்பர் 5. இருட்டுகிற நேரம்.

முதல் வெடி. எங்களுக்கு இப்போது தெரியும். ஓட மாட்டோம் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பை தோளில் இருந்தது, யார் மாட்டினார்கள் என்று தெரியாது. இரண்டாவது வெடி. சீழ்க்கை. படபடவென்று.

"இரினா! இரினா!"

இலியானா வாசலில் நின்று கத்துகிறாள். அவளிடமிருந்து அந்த அளவு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டது. மதில், வேலி, எலுமிச்சை மரம், எங்கும் தேடினோம். வானம் பச்சையாகிறது.

பூட்டாத கதவு ஒன்றுதான். உள்ளே போனோம். குளியலறையில் விளக்கு இல்லை. தொட்டிக்கு மேல் மெத்தை. நாதன் அதைத் தூக்கினார்.

சல்மா. அவளோடு ஒட்டிக்கொண்டு பிள்ளை, தலை மூன்றாவது தலையணையில். ஹசன் தொட்டிக்கு வெளியே ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை நித்திரையாகும் வரை அசைய வேண்டாம் என்று கையால் காட்டினார். இலியானா அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார்.

அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில் இருந்தவள் நான். இழந்தவற்றை எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு: வெள்ளவத்தை வீடு. நாதனின் தம்பி ரவி, கதவுக்குப் பின்னால்.

விக்டருக்கும் இலியானாவுக்கும்: மகளின் நான்கு வயதிலிருந்து எட்டு வரை. அவள் முதல் பல் விழுந்த நாள். அம்மா என்ற சொல், அடுத்த ஆண்டு வரை. பிறகு வந்தது.

ஹசனுக்கும் சல்மாவுக்கும்: ஹமாவில் ஒரு தெரு முழுவதும். மருந்துக்கடை. ஹசனின் தகப்பனார். சல்மாவின் இரண்டு அக்காமார்.

இன்னொருவரை இந்தக் கணக்கில் சேர்க்க ஹசன் விடவில்லை. உடல் வரவில்லை, செய்தி வரவில்லை, எழுத வேண்டாம் சகோதரி என்றார். சேர்க்கவில்லை. பெயரை மட்டும் எழுதுகிறேன்.

யூசுப்.