நண்டுக்கு வைத்த பெயர்

எழுபதுகளில் ஒரு சாயங்காலம், அடையாறிலிருந்து மந்தைவெளிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஆராய்ச்சி மாணவிகள் என்பது பேச்சில் தெரிந்தது. பஸ் பாலத்தில் ஏறியபோது கழிமுகத்துத் தண்ணீரெல்லாம் பொன்னிறமாகி, நாங்கள் அத்தனை பேரும் மெல்ல மிதந்து போவது போலிருந்தது. அப்போது ஜன்னலோரப் பெண் சொன்னாள்:

"நான் கண்டுபிடிச்ச புது ஜாதி நண்டுக்கு எங்க ப்ரொஃபசர் தன் ஆத்துக்காரி பேரை வெச்சுட்டார்."

"விளையாடாதேடி!"

"கட்டுரையே வந்துடுத்து. அவர் பேர் மட்டும்தான் இருக்கு. இதோ, இந்தச் சேத்துல முழங்கால் வரைக்கும் நின்னுண்டு ரெண்டு வருஷம் தேடினது நான்."

"நீ கேக்கலையா?"

"கேட்டேன். 'கொண்டுவந்து கொடுத்ததுக்குக் கடைசியில நன்றி சொல்லியிருக்கேனேம்மா'ன்னார். ரொம்பப் பிரியமாத்தான் சொன்னார்."

தூரத்தில் கொக்குகள் தங்கள் நிழல்மேல் அசையாமல் நின்றன.

"அப்புறம்?"

"இன்னிக்கு வேற கைடுகிட்ட மாத்திண்டுட்டேன். புதுத் தலைப்பு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னார். சரின்னுட்டேன்."

"ரெண்டு வருஷமும் போச்சேடி!"

"போகட்டும். அங்கேயே இருந்தா அடுத்ததும் போயிருக்கும்."

மந்தைவெளி வந்தது. இறங்க எழுந்தவளின் கையைத் தோழி பிடித்துக்கொண்டாள்.

"ஆத்துல என்ன சொல்லப் போறே?"

"படிப்பு முடிஞ்சதும் கல்யாணம்னு அப்பா காத்துண்டிருக்கார். இன்னும் மூணு வருஷம் ஆகும்னு சொல்லணும்" என்றவள், முதல் தடவையாகச் சிரித்தாள். "அதை நெனைச்சாத்தான் கொஞ்சம் சந்தோஷமா இருக்கு."