எல்லாம் கூழாகணும்

எடை அப்புறம் போட்டுக்கலாம் தம்பி. முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இது நேரா பேப்பர் மில்லுக்குத்தான போகும்? நடுவுல எந்தக் கடைக்கும் போகாதே? சும்மா தலையாட்டாதீங்க. போன தடவை வந்தவரும் இப்படித்தான் ஆட்டினாரு. எனக்குக் காசு வேணாம், நீங்களே வச்சுக்குங்க. ஆனா ஒரு தாளு கூட தாளா வெளிய சுத்தக் கூடாது. எல்லாம் கூழாகணும். அவ்வளவுதான் என் கண்டிஷன்.

உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, பரவால்ல. இந்த ரூமு முழுக்க அதான். கட்டிலுக்கு அடியில இருக்கு, பரண்ல இருக்கு. அலமாரியத் தொறக்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல சரியும்.

ஆமா, ஒழுங்காத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரரு வேலை அப்படி. சிமெண்ட் ஃபாக்டரில ஸ்டோர் கீப்பர். ஒரு போல்ட் வெளிய போனாக்கூட அதுக்கு மூணு காப்பி எழுதற ஆளு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு. ஒரு மனு எழுதினா ஒண்ணு அனுப்பறதுக்கு, ஒண்ணு ஃபைலுக்கு, இன்னொண்ணு அந்த ஃபைல் தொலஞ்சா எடுக்கறதுக்கு. நான் கிண்டல் பண்ணுவேன், உங்களையே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, ஒண்ணு எழுதட்டும், ஒண்ணு எனக்குத் தண்ணி தூக்கட்டும்னு.

என்ன மனுவா? எங்க பொண்ணு காணாமப் போயிட்டா தம்பி. ஒரே பொண்ணு. மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாத்துட்டிருந்தா. காலையில கெளம்பினா, குடை எடுத்துக்கடின்னேன், மழை எங்கம்மா வரப் போகுதுன்னுட்டுப் போனா. கடைக்குப் போய்ச் சேரல. நடுவுல ஒரு பஸ்ஸு, அப்புறம் கொஞ்ச தூரம் நடை. அந்த நடுவுல என்னாச்சுன்னு கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை காகிதமும்.

ஸ்டேஷனுக்குப் போனா அந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கறாரு. எங்கயும் போகமாட்டா, ஒரு வருஷத்துல கையில கொழந்தையோட வந்து நிப்பா பாருங்கன்னாரு. எனக்கு அப்படியே தீயள்ளிப் போட்ட மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணாரு தெரியுமா? சார், இத எழுத்துல குடுங்கன்னு கேட்டாரு. அப்படியொரு மனுஷன்.

அன்னைக்கு எழுத உக்காந்தவருதான். ஆஸ்பத்திரி, பிணவறை, பொம்பளைங்க விடுதி, வெளியூர் ஸ்டேஷன், மந்திரிங்க. பதில் வரும், தங்கள் மனு பரிசீலனையில் உள்ளதுன்னு. அதையும் ஓட்டை போட்டுக் கோத்து வைப்பாரு. அதோ அந்தப் பெட்டி முழுக்கப் பரிசீலனைதான். நான் இந்தப் பக்கம் தையல் மிஷின்ல, அவரு அந்தப் பக்கம் மேசையில. ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டதே கம்மி. மிஷின் ஓடறது நின்னா, என்ன ஆச்சுன்னு அவரு நிமிந்து பாப்பாரு. அவரு பேனாவ வச்சா நான் நிமிந்து பாப்பேன். அப்படியே வயசாயிடுச்சு எங்களுக்கு.

ஸ்டேஷன் ஃபைலா? அது எங்க இருக்கு? கட்டடம் ஒழுகி எல்லாம் ஊறிப் போச்சாம். புதுசா வந்திருக்கற ஒரு போலீஸ்காரப் பொண்ணு, நல்ல பொண்ணு, அவளே வீடு தேடி வந்து சொன்னா. உங்ககிட்ட காப்பி இருக்கும்ல, குடுங்கம்மா, முதல்லேர்ந்து பாக்கலாம்னா. தேடிப் பாக்கறேம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆமா, இது போச்சுன்னா வேற எங்கயும் கெடையாது. தெரியும். தெரிஞ்சுதான் கூப்ட்டேன் உங்கள. அந்தக் கட்டை எடுங்க, கயிறு இத்துப்போயிருக்கும், அடியில கை குடுங்க.

நானே ஒழிச்சுக்கட்டப் பாத்தேன் தம்பி. மொட்டை மாடில வச்சுக் கொளுத்தினேன். கட்டுக் காகிதம் லேசுல எரியுதா? ஓரம் மட்டும் கருகுது, நடுவுல எழுத்து அப்படியே இருக்கு. கருக்கெல்லாம் பறந்து பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட வெள்ளைத் துணி மேல. அந்தம்மா கத்தின கத்துல தண்ணி ஊத்தி அணைச்சேன். அப்புறம் அண்டாவுல ஊறப் போட்டேன், துவைக்கற கல்லுல போட்டுக் கும்மினேன். சாக்கடை அடைச்சுக்கிட்டு வீடெல்லாம் மை கலந்த தண்ணி. கத்திரியால வெட்டினேன், கட்டை விரல் வீங்கிப்போச்சு. எழுதறதுக்குப் பட்ட பாட்ட விட அழிக்கறதுக்குப் படற பாடு பெருசா இருக்கு.

அப்பத்தான் உங்களுக்கு முன்னாடி வந்தவருகிட்ட கொஞ்சம் குடுத்தேன். மில்லுக்குத்தான்னு சத்தியம் பண்ணாரு. சாயந்தரம் எங்க வீட்டுக்காரரைக் காலாற நடக்கக் கூட்டிட்டுப் போவேன். அப்படி ஒரு நாளு வண்டியில வறுத்த கடலை வாங்கிக் குடுத்தேன். தின்னு முடிச்சுட்டுப் பொட்டலத்தப் பிரிச்சாரு. அவருக்கு எந்தத் தாளானாலும் படிச்சுட்டுத்தான் கீழ போடணும். பிரிச்சா, காணவில்லைன்னு மேல எழுதியிருக்கு, கீழ எங்க பாப்பா முகம். அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு. ஐயோ எப்ப போனா, ஏன்டி எங்கிட்ட சொல்லல, எப்ப போனான்னு கேட்டுக் கேட்டு மார்ல அடிச்சுக்கறாரு. போறவன் வர்றவன்லாம் நின்னு பாக்கறான்.

அவரு எழுதினதுதான் தம்பி. அவரு கையெழுத்தே அதுல இருக்கு. அதத்தான சொல்ல வரேன். அவருக்கு இப்ப ஞாபகம் நிக்கறதில்ல. எழுதினது, அலைஞ்சது, ஒண்ணும் தெரியாது. அவ போனதே தெரியாது. பொண்ணு ஒருத்தி இருக்கான்றது மட்டும் தெரியும். படிப்பும் மறக்கல, அதான் கஷ்டம். இந்த வீட்டுல எந்தத் தாளை எடுத்தாலும் இவ பேருதான், படிச்சா அப்பத்தான் சேதி கேட்ட மாதிரி துடிப்பாரு. சட்டைய மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாரு. பின்னாடியே ஓடிப் பிடிச்சு இழுத்துட்டு வந்து படுக்க வைப்பேன். தூங்கி எழுந்தா ஒண்ணும் இருக்காது, காப்பி இருக்கான்னு கேப்பாரு. மறுநாளு எங்கேர்ந்தாவது இன்னொரு தாளு கையில சிக்கும். எனக்கு எம்பொண்ணு ஒரு நாள்தான் போனா. அவருக்குத் தினம் போறா தம்பி.

பூட்டிப் பாக்காம இருப்பனா? ஸ்டோர் கீப்பராச்சே, பூட்டப் பாத்தாச் சாவியத் தேடாம விடமாட்டாரு. இப்ப எதிர்வீட்டு வாத்தியாருதான் அவரை முடிவெட்டக் கூட்டிட்டுப் போயிருக்காரு, அங்க கூட்டமாத்தான் இருக்கும். நீங்க அவசரப்படாம கட்டுங்க.

அந்தப் போலீஸ்காரப் பொண்ணுகிட்ட எப்படிப்பா குடுக்கறது? குடுத்தா விசாரணைன்னு வாசல்ல வந்து நிக்கும். அப்பா எங்கன்னு அவரைத்தான் முதல்ல கேக்கும். அதுவும் வந்து என்ன கண்டுபிடிச்சுடப் போறாங்க, இத்தனை காலத்துக்கு அப்புறம்? கண்டுபிடிச்சாலும் என்னத்தக் கொண்டாந்து காட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?

படமா? நல்ல போட்டோவெல்லாம் ஒவ்வொண்ணா ஸ்டேஷனுக்கும் பேப்பர்காரங்களுக்கும் குடுத்தோம், எதுவும் திரும்பல. அவ முகம் இருக்கறது இந்த நோட்டீஸ்லதான். வெட்டி வச்சுக்கிட்டேன் தம்பி, நீங்க சொல்ற மாதிரியேதான். முகத்த மட்டும் வட்டமா வெட்டி நூல்கண்டு டப்பாவுல அடியில வச்சேன். பட்டன் பிஞ்சிடுச்சுன்னு ஊசி தேடிட்டு வந்தவரு அதத் தொறந்துட்டாரு. ஏன் முகத்த மட்டும் வெட்டின, பாப்பாவுக்கு என்னாச்சுன்னு ஒரே பிடி. என்னால அன்னைக்குப் பொய் சொல்ல முடியல. அதனால இதையும் அந்தச் சாக்குல போட்டுடுங்க. பாக்காதீங்க, போடுங்க.

கேப்பாரே, கேக்காம என்ன, தினமும்தான். வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டிருந்தேன், பஸ் ஸ்டாப்புல போய் நின்னுட்டாரு. வெளியூர்னேன், போனப் போடுன்னாரு. இப்பல்லாம் குளிச்சிட்டிருக்கான்னு சொல்லிடறது. அத நம்பிடறாரு. இவ்வளவு நேரமா, தொட்டி காலியாயிடப் போகுதும்பாரு, சிரிச்சுட்டு டிவி பக்கம் திரும்பிடுவாரு. நேத்தும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிட்டு அடுப்பச் சின்னதாக்கி வச்சுட்டு, நானே போய் பாத்ரூம் கதவத் தட்டிட்டேன் தம்பி. சீக்கிரம் வாடி, அப்பா கேக்கறாருன்னு.