சொல்ல வேண்டியவள் நான்

பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சமையலறை வைத்தால் முதலில் காணாமல் போவது கரண்டிதான். அடுத்தது ரகசியம். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் சண்டை என்பது குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து நீங்கள் வந்திருப்பதும் இதற்குள் தெரிந்திருக்கும். உட்காருங்கள். எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

இங்கே பிள்ளைகளை எல்லாரும் சேர்ந்துதான் வளர்க்கிறோம். யார் வேண்டுமானாலும் சோறு ஊட்டலாம், யார் வேண்டுமானாலும் அதட்டலாம். ஆனால் சாவு, நோய், பிரிவு மாதிரியான கனமான செய்தியை ஒரு பிள்ளையிடம் ஒரே ஒருவர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. முன்பு ஒரு தம்பதி பிரிந்தபோது அவர்கள் மகனிடம் ஆளுக்கொரு கதை சொல்லி, அவன் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தான். அதற்குப் பிறகு கூடிப் பேசி வைத்த விதி இது.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் பிள்ளை, எங்கள் வாண்டுவுக்கு, அந்த ஒருவர் நான். கேட்டுக்கொண்டது அவள் அம்மாதான். அப்பன் பிள்ளை முகம் பார்க்காமலே போய்விட்டான். அம்மா பேருந்து நடத்துநர். காலை ஐந்துக்கே கிளம்பியாக வேண்டும். கைக்குழந்தையிலிருந்து வாண்டுவைக் குளிப்பாட்டித் தலைசீவி வளர்த்தது என் கைதான். எனக்குப் பிள்ளை இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிடுவீர்கள் என்று தெரியும், ஆனால் காரணம் அது இல்லை.

நான் இருபத்தாறு வருஷம் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். வலியைவிட, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வலிக்குமா வலிக்குமா என்று காத்திருப்பதுதான் கொடுமை. அங்கே நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அவள் அம்மாவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் தனி அறை, ஆறு மாதம் என்றார்கள். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வாண்டு கேட்டா என்ன சொல்றது?"

"நான் பாத்துக்கறேன். நீ உன் உடம்பைப் பாரு."

வாண்டுவுக்கு ஆறு வயது. முதல் மாதம் வாசலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பேருந்துச் சத்தத்துக்கும் எழுந்து ஓடுவாள். போனில் அம்மா குரல் கேட்டால் அன்று முழுவதும் ஒரு வாய் சோறு இறங்காது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாதிக்குப் பாதி என்பதை ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வீர்கள்?

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடிக்கொண்டிருந்த அவளுடைய முன்பல்லை நானே எடுத்துவிட்டேன். வாய் கொப்பளித்ததும் மடியில் உட்காரவைத்து, அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னேன். பல்லுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக அழுதாள்.

மற்றதை நாங்கள் வைத்த விதி பார்த்துக்கொண்டது. வாண்டு யாரிடமாவது போய் "எங்கம்மா" என்று தொடங்கினால், அவர்கள் முகம் வாடி, அவள் தலையைத் தடவிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். சமையலறைக்குள் அவள் நுழைந்தால் எல்லாரும் கப்சிப் ஆகிவிடுவார்கள். அதற்கு மேல் அவளுக்கு என்ன சாட்சி வேண்டும்? மூன்று வாரத்தில் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது என்னை அம்மா என்றாள். நான் திருத்தவில்லை.

அவள் அம்மா தினமும் என் போனில்தான் கூப்பிடுவாள். விளையாடுகிறாள் என்பேன். பிறகு, பேச மாட்டேன் என்கிறாள் என்றேன்.

"எம்மேல கோவமா இருக்காளாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல. சின்னப் புள்ளதான, மறந்திருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அடுத்த சுற்று மருந்துக்கு அவள் சம்மதிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அவளுடைய அண்ணன் பிறகு சொன்னார். கடுமையான மருந்து அது. வேண்டாம் என்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு.

ஐந்தாம் மாதம் இறந்தாள். அங்கேயே தகனம் செய்தார்கள். செய்தி வந்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாண்டுவுக்குத் தலைசீவிவிட்டு வெளியே வந்தேன். சொல்லிவிட்டேன் என்றேன். அழாத குழந்தையைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். "பெரிய மனுஷி மாதிரி தாங்கிக்கிட்டா" என்றார் மூன்றாம் வீட்டுத் தச்சர்.

பத்து நாள் கழித்து அவர்தான் கண்டுபிடித்தார். அவர் பலகை இழைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வாண்டு, "எங்கம்மா செத்த அன்னிக்குத்தான் என் பல்லு விழுந்துச்சு மாமா" என்றிருக்கிறாள். பல் விழுந்த இடத்தில் புதுப் பல் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. இழைப்புளியைப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அவகிட்ட நீங்க எப்பங்க சொன்னீங்க?"

நான் மறைக்கவில்லை. தேதியைச் சொன்னேன். அவர் சமையலறைக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டார்.

இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக அதையும் சொல்கிறேன்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வாண்டுவின் அம்மா மதியம் கூப்பிட்டாள். குரல் உள்ளே போயிருந்தது.

"பேச வேணாங்கக்கா. தூங்குறாளா? போனை அவ மூக்குகிட்ட வைங்க. மூச்சு விடறதை மட்டும் கேட்டுக்கறேன்."

வாண்டு பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. ஆனால் அவளுக்குக் கோழித் தூக்கம். அம்மா குரல் கேட்டு விழித்துவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆவாள்? போனை என் மூக்கருகே வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாக மூச்சு விட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பக்கம் அவளும் அதற்கு ஒத்தாற்போல மூச்சு விடுவது கேட்டது.

"சளி கட்டியிருக்கு போல. எழுந்ததும் வெந்நி குடுங்கக்கா" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நிம்மதியாகத்தான் போனாள். அதற்காவது யாராவது என்னை நினைத்துப் பார்க்கலாம். அன்று சாயங்காலம் வெந்நீர் வைத்து நானே குடித்தேன். என் உடம்பைப் பற்றி ஒருத்தி அவ்வளவு கவலையாகக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.