தீக்குச்சி நுனியளவு கிரீஸ்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளர் அவர்களே, வேலை உடுப்போடு ஓடிவந்து நிற்கும் பட்டறைத் தோழர்களே, எங்கள் அக்காவின் அருமை மகளே! அனைவருக்கும் வணக்கம். அக்காவின் எதிர் மேசையில் கார்புரேட்டர் பார்க்கும் நான் பேசுகிறேன்.

அழத்தான் கூடியிருக்கிறோம். அழுவோம். அதற்கு முன்னால் ஒரு பழியைத் துடைத்துவிட்டு அழுவோம்!

போன வாரம் பள்ளிக்கூட வேன் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. லாரிகள் ஹாரன் அடிக்க, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தார்கள். மறுநாள் காலை பட்டறை வாசலில் மேலாளர் என்ன சொன்னார்? "அந்தம்மா கிரீஸை அள்ளிப் பூசிட்டுப் போய்ச் சேந்துட்டாங்க. இனிமே அந்த மேசையில அவங்க பொண்ணுக்கு எடமில்ல." இதைச் சொன்னபோது அக்கா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

யார் அள்ளிப் பூசியது? எங்கள் தலைமை மெக்கானிக் தீக்குச்சி அக்காவா?

இன்ஜினைப் பிரித்துக் கோக்கும்போது நாமெல்லாம் பிஸ்டனைச் சுற்றி நிற்போம். அக்கா மட்டும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தன் மேசைக்குத் தூக்கிப் போவார். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கு வைக்கிற சின்ன உருப்படி அது. மூடியைக் கழற்றுவார், ரோட்டரை உருவுவார். தண்டின் உச்சியில் இருக்கும் கம்பளித் துண்டில் இரண்டு சொட்டு எண்ணெய். கீழே தண்டோடு சுழலும் கேமின்மேல் மட்டும் கிரீஸ், அதுவும் ஒரு தீக்குச்சி நுனியில் எடுக்கிற அளவு. கூடினால் தெறித்து, தொட்டு விலகிப் பொறியைக் கிளப்புகிற பாயிண்டில் கருகும், பொறி செத்துவிடும். விரலால் கிரீஸைத் தொடவே மாட்டார். கேட்டால், "விரலுக்குப் பேராசைப்பா, கேக்காமலே இன்னும் கொஞ்சம் எடுக்கும்" என்பார்.

பெட்ரோல் இருக்கும் இடத்தில் தீப்பெட்டி ஆகாது என்று ஸ்டோர்காரர் ஒருநாள் சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து அக்கா வீட்டிலேயே மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு அதே பெட்டியில் மொட்டைக் குச்சிகளாகக் கொண்டுவந்தார். அதில் ஒன்றை எடுத்து நான் பல் குத்தப்போக, "அடப்பாவி, கையை ஒடிச்சிருவேன்!" என்று கத்தினாரே, பட்டறையே திரும்பிப் பார்த்தது. பொல்லாத வாய்தான். அந்த வாய் இன்று பதில் சொல்ல இல்லை என்றுதானே இவ்வளவு துணிச்சல்?

தோழர்களே, வேனிலிருந்து கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டர் இதோ என் கையில்! எல்லார் கண்முன்னும் ரோட்டரை உருவுகிறேன். பாருங்கள்! எண்ணெய் விட வேண்டிய கம்பளியின்மேல் கிரீஸ் அப்பியிருக்கிறது. நடுவில் ஒரு குழி, பெருவிரலால் அழுத்திய குழி! விரலால் தொடாத அக்கா, செத்த பிறகா விரலை வைத்தார்?

வேன் ஓட்டுநர் அண்ணன் அதோ நிற்கிறார். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அக்கா தவறினப்போ வண்டி பாதிதான் கோத்திருந்துச்சு. பொண்ணு வந்து முடிக்கட்டும்னு சொன்னேன். சார் கேக்கல. நேரமாச்சு, நகருன்னு சொல்லிட்டு அவரே டப்பாவுல விரலை விட்டாரு."

மேலாளர் அவர்களே, எழுந்திருக்காதீர்கள்! அவசரத்தில் யாருக்கும் கை தவறும். அதை மன்னித்துவிடலாம். அதைக் கொண்டுபோய்ச் செத்தவர் தலையில் கட்டினீர்களே, எப்படி மனசு வந்தது? அதற்கு எங்களிடம் மன்னிப்பு கிடையாது.

நாளைக் காலை அதே வாசலுக்கு வாருங்கள். அதே குரலில், தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். தாயோடு அந்த மேசையில் வேலை பார்த்த மகள் அங்கேயே உட்காருவார். அக்கா செய்தபடியே அவரும் செய்வார், நாங்களும் செய்வோம். இது அக்காவின் இந்தப் படத்தின் முன்னால் நாங்கள் கொடுக்கும் வாக்கு. நீங்கள் வாய் திறக்கும்வரை எங்கள் பட்டறையில் எந்த இன்ஜினிலும் ஒரு சொட்டு எண்ணெய் விழாது!

எழுந்து வாம்மா. உன் அம்மாவின் தீப்பெட்டி இந்தா, பிடி. அம்மா மேல் எந்தப் பழியும் இல்லை.

இப்போது அழுவோம்.