மீதி நான்கு புள்ளிகள்

பழைய டிவிடியைப் பெரிய டிவியில் போட்டால் முகங்கள் கலங்கித்தான் தெரியும். அது யார் குற்றமும் இல்லை. இன்றைய திரைக்கு ஐந்து புள்ளிகள் வேண்டிய இடத்தில் டிவிடியிடம் ஒன்றுதான் இருக்கிறது. மீதி நான்கைக் கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்பும். புடவைக் கரை, மாலை, நாற்காலியின் வேலைப்பாடு எல்லாம் நன்றாகவே வரும். முகத்தில்தான் தடுமாறும். ஸ்டுடியோவில் எனக்கு இதுதான் பிழைப்பு என்பதால் சொல்கிறேன்.

கல்யாண டிவிடியில் உன் அப்பா முகம் ஏன் சித்தப்பா என் முகமாக இருக்கிறது என்று கேட்டாய். அண்ணன் தம்பி என்றால் சாயல் இருக்காதா என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறாய், சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் செத்துப்போனபோது நீ கைக்குழந்தை. பிறகு பெரியவர்கள் பேசி உன் அம்மாவை எனக்குக் கட்டிவைத்தார்கள். அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவள், கல்யாணத்தோடு அந்த வார்த்தையை விட்டாள். வேறு வார்த்தை எதையும் எடுக்கவில்லை. சாப்பாடு ஆயிற்று என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள். "என்னங்க" என்ற ஒரு சொல்லுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது உனக்குத் தெரியாது. அதை அவள் டிவிக்குக் கொடுத்தாள். அண்ணனோடு நடந்த கல்யாணத்தின் டிவிடியைப் போட்டு, "என்னங்க, இன்னிக்கு பாப்பா நடந்தா" என்று அந்தக் கலங்கிய முகத்திடம் பேசுவாள். வயிறு எரிந்தது. எரியாதா?

அவர் முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா என்று அவளேதான் கேட்டாள். முடியும். கம்ப்யூட்டர் சரியாக ஊகிக்க, அந்த ஆளின் தெளிவான படங்களை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். நான் என் படங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். முதலில் அண்ணன் நிறைய, நான் கொஞ்சம். போகப்போக அதைத் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் இது முன்னதைவிடத் தெளிவு என்று சொல்லிப் புது டிஸ்க்கைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டேன். சுத்தம் செய்வதாக ஆல்பத்தையும், சொந்தக்காரர் வீடுகளில் இருந்த படங்களையும் எடுத்துப்போய் அவற்றிலும் அண்ணன் முகத்தை என் முகமாக்கினேன். அசல்களை நொறுக்கிப்போட்டேன்.

நடுவில் ஒருநாள், இது அவர் இல்லையே என்று தயங்கினாள். உனக்கு மறந்துவிட்டது, வருஷம் ஆகிறதல்லவா என்றேன். மறந்துவிட்டோமே என்றுதான் அன்று அப்படி அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன். நல்ல புருஷன் அதைத்தானே செய்வான்?

ஆக, உன் அப்பா முகம் இனி எங்கேயும் இல்லை. ஊகிக்கக்கூட ஒரு புள்ளி மிச்சம் வைக்கவில்லை. திட்டுவதென்றால் திட்டு. ஆனால் நான் யார் இடத்தையும் பறிக்கவில்லை. பெரியவர்கள் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலமும் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்க என் முகம், மயிரிழை பிசகாமல். "என்னங்க" என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பலன் என்று நினைத்து நான் எழுந்துபோய் அவள் முன்னால் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க தம்பி," என்றாள். "அவர் முகம் மறையுது."