லிட்டருக்குப் பதின்மூன்று

ஐயா, பழைய கார் பெட்ரோலை அதிகம் குடித்தால் முதலில் பார்க்க வேண்டியது டயரில் காற்று. பலர் நேராக இன்ஜினில் கைவைத்துவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. என் மேல் வேறு எந்தக் குறை சொன்னாலும், அவசரக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் எடுத்துச்சென்ற நீல நோட்டைப் பிரித்தால் நான்கு பத்திகள் இருக்கும். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், ஆள். வண்டியில் எத்தனை பேர் என்பதும் கணக்கில் சேரும். பதினோரு வருடங்களாக லிட்டருக்குப் பதின்மூன்று கொடுத்துவந்த வண்டி, இந்த வருட ஆரம்பத்தில் ஏழுக்கு இறங்கியது. அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் டயரைத் தொட்டுப் பார்ப்பேன்.

என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "வண்டிக்கு நோட்டு வச்சிருக்கீங்க. அதுல எனக்கு ஒரு வரியாவது இருக்கா?" பதில் சொல்லும்படியான கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

அவளுடைய அண்ணன், வேலை போனபிறகு எங்கள் மாடி அறையில் தங்கியிருந்தவர், கேலிக்காரர். "குடுத்து வச்ச வண்டி மாப்ள. நான் எவ்வளவு சாப்பிடுறேன்னு ஒருநாளாவது இப்படி அக்கறையா பார்த்திருக்கீங்களா?" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

தெருக்கோடி மெக்கானிக்கை எல்லோரும் மெதுவண்ணன் என்பார்கள். எதையும் நிதானமாகத்தான் செய்வார். ஏர் ஃபில்டரைத் தட்டினார், பிளக்கை மாற்றினார், பாதியில் சிக்கியிருந்த சோக்கைச் சரிசெய்தார். பின்சக்கரங்களில் பிரேக் லேசாக உரசுகிறது என்று அதையும் தளர்த்தினார். இன்னும் கொஞ்சம் தளர்த்தலாமே என்றேன். "மைலேஜ் நல்லாத்தான் வரும் சார். வண்டி நிக்காது," என்றார்.

நெடுஞ்சாலையில் நானே ஓட்டிப் பார்த்தேன். பதின்மூன்று. வீட்டுக்கு வந்த வாரமே மறுபடி ஏழு. ஆக, வண்டியில் நோய் இல்லை.

நான் ஆபீஸ் வேனில்தான் வேலைக்குப் போகிறவன். பகல் முழுவதும் கார் வீட்டில் நிற்கும். தினமும் மாலையில் டாங்கை வாய்வரை நிரப்பிவைத்துச் சோதித்தேன். மற்ற நாட்களில் ஒன்றும் குறையவில்லை. புதன்கிழமை மட்டும், மீட்டர் ஒரு எண்கூட நகராமல் இரண்டு லிட்டர் குறைந்தது. வண்டி நகர்கிறதா என்று பார்க்க டயரின் மேல்பக்கம் நான் போட்டிருந்த சாக்பீஸ் கோடு அடியில் போயிருந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். மீட்டர் கேபிளைப் பிடித்திருக்கும் திருகில் மட்டும் தூசி இல்லை. அதைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டுபோய், திரும்பி வந்து மாட்டியிருக்கிறார்கள்.

எடுத்தது என்பதுகூடப் பெரிதில்லை ஐயா. கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். என் நோட்டில் என் கையாலேயே பொய் எழுதவைத்தார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டு லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகலாம், மேடு ஏறினால் அதில் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியும். டயர் இடுக்கில் வெள்ளைச் சரளை இருந்தது. அது மேட்டுச் சாலையில் மட்டும்தான் கொட்டியிருக்கிறது. அடுத்த புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அங்கே போனேன். மேட்டின் உச்சியில் ஒரு சின்ன வாடகை வீடு. வாசலில் என் கார். உள்ளே மச்சான் நாற்காலியில் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று என் மனைவி, கோணலாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அறையில் ஒரே ஒரு கட்டில். அதன்மேல் அவளுடைய துணிகள் மட்டும் மடித்துவைக்கப்பட்டிருந்தன. என்னைவிட்டுப் போகிறாள் என்று புரிந்துகொள்ள எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அவள் எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்தபடியே இறங்கினேன். அதற்கு நான் பத்தி போட்டிருக்கவில்லை.

இறங்கும்போது சாலையையும் பார்த்துக்கொண்டேன். ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. இறங்கும்போது இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. தடுப்புச்சுவர் முழங்கால் உயரம்தான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பி குடித்துவிட்டு, மெதுவண்ணன் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன். நான்கு சக்கரங்களும் கையால் சுற்றினால் உரசலே இல்லாமல் சுற்றின. அவ்வளவு சுகமாக அவை சுற்றி நான் பார்த்ததில்லை.

யாரையும் நான் ஏமாற்றவில்லை. சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்: "பிரேக்க லூஸ் விட்டிருக்கேன் மச்சான். மைலேஜுக்காக. கொஞ்சம் கீழ போய்த்தான் பிடிக்கும். ரெண்டு தடவை மிதிச்சா போதும், பயப்பட ஒண்ணுமில்ல."

"ஓட்டுறது நீங்க. எனக்கு எதுக்கு சொல்றீங்க?" என்றார்.

"சும்மா, தெரிஞ்சிருக்கட்டும்."

என் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். அப்போதாவது ஒருவர் வாய் திறந்து, ஆமாம், நாளைக்கு நாங்கள் எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். சொல்லவில்லை.

வளைவுக்குக் கீழே கிடந்த இருவரையும் மேலே கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனதாகச் சொன்னீர்கள். மச்சானை மட்டும் மிரட்டிப் பார்க்க நினைத்ததாகவும், என் மனைவி அன்று கூடப் போவாள் என்று எனக்குத் தெரியாது என்றும் நேற்று உங்களிடம் சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் நோட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதில் தெரிந்தே நான் தவறாக எதுவும் எழுதியதில்லை. கேபிளைக் கழற்றிவிடுவார்கள், மீட்டர் ஓடாது என்பதால், புதன்கிழமைக்கான வரியை முதல்நாளே எழுதிவைத்துவிட்டேன். அவள் கேட்ட ஒரு வரி அதுதான்.

ஆள்: இரண்டு. கிலோமீட்டர்: போக ஒன்பது, வர இரண்டு.