பெல்லா அத்தையின் வசவுகள்

எனக்கு வசவு கேட்கப் பிடிக்கும், சார்ஜென்ட் ஐயா. சிலருக்கு மிட்டாய் பிடிப்பதுபோல.

பள்ளியில் எங்கள் ஊர்ச் சொல்லைப் பேசினால் வாரடி விழும். அதனால் பேசுவதை விட்டேன்; பிறகு பள்ளியையும் விட்டேன். சொற்களை மட்டும் நோட்டில் எழுதிக் கோழிக்கூண்டில் ஒளித்துவைத்தேன்.

எங்கள் துறைமுகத்தில் ஹெர்ரிங் மீனுக்குப் புகைபோடும் பெல்லா ஃப்லெட் அத்தைதான் எனக்குச் சுரங்கம். அவர் மகன் டாட் மீன்பிடிப் படகில் போகிறவன். ஆள் கடலில் இருக்கும்போது கரையில் யாரும் பன்றி என்று சொல்லக்கூடாது. காதில் விழுந்தால் உடனே இரும்பைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் படகு கவிழும். நான் அவர் முற்றத்துச் சுவருக்கு இப்பால் நின்று அந்தச் சொல்லை மெல்லச் சொல்வேன். அத்தை வாளியின் இரும்புப் பிடியைப் பற்றிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"எவடி அவ, க்லேக்கிட் மூஞ்சி? வந்தேன்னா கருவாடாக்கித் தொங்க விட்ருவேன்."

க்லேக்கிட்: அசடு வழிகிற. இன்னொரு நாள் நியாஃப் என்றார்: ஒன்றுக்கும் உதவாத பொடிப்பயல். எழுதும்போதே சிரிப்பில் பென்சில் முனை ஒடியும். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மே மாதத்தில் பழைய வசவுகளே திரும்பி வர ஆரம்பித்தன. கவலையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் புகைக்கொட்டகைக்குள் போனதும் முன்கதவை வெளியே தாழிட்டேன். வெளிப்பக்கம் இருக்கும் அடுப்பு வாய்க்குள் ஈர மரத்தூள் இரண்டு கூடை தள்ளினேன். பிறகு கதவிடுக்கில் வாய் வைத்துப் பன்றி என்றேன். பின்பக்கப் பலகைக் கதவு திறந்தே இருந்தது, ஐயா. அவர் போயிருக்கலாம். ஆனால் டாட் கடலில் இருந்தான்; இரும்பைத் தொடாமல் அவர் நகரமாட்டார். உள்ளே எல்லாம் மரம். கைக்கெட்டும் ஒரே இரும்பு என் பக்கத்துத் தாழ்ப்பாள். இடுக்கில் விரலை நுழைத்து நுழைத்துத் தேடினார். தேடுவார் என்று எனக்குத் தெரியும்.

"அடி ஸ்லீக்கிட் நாயே, ஒரு தடவ தொட விடுடி. எம்புள்ளடி."

ஸ்லீக்கிட்: குழைந்து பேசிக் கழுத்தறுக்கிற. அதன்பின் புதுச்சொற்கள் கொட்டின, பதினொன்று. நான் குதித்துக்கொண்டே எழுதினேன். கடைசியில் இருமலுக்கு நடுவே, "ஸ்மூராவுறேன்டி, எல்ஸ்பி" என்றார். நான்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஸ்மூர்: புகையில் மூச்சடைத்துச் சாவது. ஸ்மோர் என்றும் எழுதலாம். அத்தை ஊகாரத்தை நன்றாக இழுத்தார்.

பென்சிலோடு இன்னும் அரைமணி காத்திருந்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. திருடினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அத்தையின் பெயரைப் போட்டிருக்கிறேன்.